அண்டா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்

“நீ இதுவரைக்கும் ரெண்டு பேரைக் கை குலுக்க வெச்சிருக்கியாம்மா?” என்று கேட்டார் பேராசிரியர் வேதநாயகி.

தமயந்தி விழித்தாள். போர் ஓய்ந்த நாடுகளில், வெட்டிக்கொண்ட இரு தரப்பும் மறுபடி ஒரே தெருவில் எப்படி வாழ்வது என்பதுதான் அவளுடைய ஆய்வு. நிலைமாறுகால நீதி என்று அதற்குப் பெயர். உலகத்தில் எந்த உண்மை ஆணையம் எப்போது கூடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

“எல்லா நாட்டு கேஸ் ஸ்டடியும் வெச்சிருக்கேன் மேடம்.”

“எல்லாம் லைப்ரரியில இருந்து எடுத்தது. அடுத்த மாசம் ரெவ்யூ. ஒரு சமாதானத்தையாவது நீயே பண்ணிக் காட்டு. இல்லேன்னா ஃபெலோஷிப்பை நீட்டிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

ஃபெலோஷிப் நின்றால் படிப்பும் நின்றுவிடும். ஆனாலும் தமயந்தி கலங்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

“எங்க வீட்லயே ஒரு போர் நடக்குது மேடம். முடிச்சிட்டு வர்றேன்.”

போர் இதுதான். தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பங்கள் பெங்களூரில் மூலைக்கொன்றாகச் சிதறின. வருஷத்துக்கு ஒருமுறை ஜோகுபாளையத்தில் அவர்களைக் கூட்டிப் பிரியாணி போட ஒரு சங்கம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அது உடைந்தது. தமயந்தியின் அப்பா பாலகிருஷ்ணனிடம் ‘தங்கவயல் நண்பர்கள் சங்கம்’ தங்கியது. அவருடைய மச்சான், அதாவது தமயந்தியின் தாய்மாமன் குணசேகர், ‘அசல் தங்கவயல் நண்பர்கள் சங்கம்’ ஆரம்பித்தார். சொத்துப் பிரிவினையில் பிரியாணி அண்டா அப்பாவுக்கு வந்தது. அதன் மூடி மாமாவுக்குப் போனது. அன்றிலிருந்து பொங்கல் கழிந்து அப்பாவின் விருந்து, ஆகஸ்டில் மாமாவின் விருந்து. இரண்டிலும் தம் பிரியாணிதான். இருவருக்கும் பேச்சு மட்டும் கிடையாது.

முதல் படி, உண்மை. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார வைத்தாள். இரண்டு சங்கத்துக்கும் தயிர்ப் பச்சடி செய்து கொடுக்கும் எதிர்வீட்டு உமேஷ், பொதுச் சாட்சி.

“மனசுல இருக்கிறதை மறைக்காம சொல்லுங்க,” என்றாள்.

“எனக்கு வெறும் குஸ்காவை வெச்சாரு. ஒரு பீஸ் கூட இல்ல,” என்றார் அப்பா.

“பேனர்ல என் தலையைப் பாதியா வெட்டினது யாரு?” என்றார் மாமா. “உண்மைதானே வேணும்? உமேஷ் வீட்டுப் பச்சடி வெறும் தண்ணின்னு சொன்னதும் மாப்ளதான்!”

“என் பச்சடியா?” உமேஷ் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். “ஏன்ரீ பாலகிருஷ்ணன், நானும் ஒண்ணு கேக்கறேன். மூடி இல்லாத அண்டால நீங்க தம் எப்டி போட்டீங்க?”

அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. தமயந்தி இருவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். உமேஷ் கோபித்துக்கொண்டு போனதில் இரண்டு தரப்பு மூன்றானது.

அடுத்தது மன்னிப்பு. யார் முதலில் கேட்பது என்பதிலேயே அரைநாள் போயிற்று.

“ரெண்டு பேரும் சேர்ந்தே கேளுங்க. ஒன், டூ, த்ரீ!”

தெரு அதிரக் கேட்டார்கள்.

“அவரு கேக்கவே இல்ல,” என்றார் அப்பா.

“மாப்ள வாயை மட்டும் அசைச்சாரு,” என்றார் மாமா.

சமாதானப் பேச்சில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று தன் மூன்றாம் அத்தியாயத்தில் தமயந்தியே எழுதியிருந்தாள். அம்மா சம்பூர்ணத்தையும் மாமாவின் மனைவி கிரேஸ் அத்தையையும் கொண்டுவந்து உட்கார வைத்தாள். அவர்கள் சிறிது நேரம் கேட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், மாலைக்குள் ‘தங்கவயல் மகளிர் சங்கம்’ தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை தமயந்தி சமையலறையில் உடைந்து அழுதாள். “ஃபெலோஷிப் போச்சும்மா. இத்தினி வருஷப் படிப்பும் போச்சு.”

வெளியே முகச்சவரம் செய்துகொண்டிருந்த அப்பா பாதிக் கன்னத்தோடு ஸ்கூட்டரை எடுத்தார். திரும்பி வந்தபோது பின்னால் மாமா உட்கார்ந்திருந்தார், மடியில் மூடியோடு.

“எல்லாம் உன் மீட்டிங்தான் கண்ணு. மனசு மாறிடுச்சு. இனிமே ஒரே சங்கம்,” என்றார் அப்பா.

தமயந்தி அதை அப்படியே நம்பினாள். கோட்பாடு வேலை செய்துவிட்டது! ஐக்கிய விருந்துக்குப் பேராசிரியரையும் அழைத்தாள்.

ஞாயிறு வந்தது. அண்டாமேல் மூடி ஏறியது. வேதநாயகி பட்டுச்சேலையில் வந்தார். மண்டபம் நிறைய நாற்காலிகள் இருந்தன. உட்காரத்தான் ஆளில்லை. தமயந்தி, சங்கத்தின் பழைய உறுப்பினரான ஒக்கலிபுரத்து டென்சிலுக்குப் போன் போட்டாள்.

“சங்கம் ஒண்ணாயிடுச்சாமே, சந்தோஷம்மா,” என்றார் அவர். “முன்னயாவது யார் பக்கம் கூட்டம் ஜாஸ்தின்னு பாக்க ரெண்டுத்துக்கும் வருவோம். இப்போ இன்னா இருக்குது பாக்கறதுக்கு? அடுத்த வருஷம் வர்றேன்.”

அத்திபெலேயில் குடியேறிய தங்கவயல்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

“சமாதானம் ஆயிடுச்சு, சரி. ஆளுங்க எங்கம்மா?” என்றார் வேதநாயகி.

தமயந்தியின் முகம் வெளுத்ததை அப்பா பார்த்தார். மாமாவும் பார்த்தார். பிறகு மாமா அண்டாவிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார்.

“தூ! உப்பே இல்ல.”

“யாரைப் பாத்து உப்பில்லேன்ற?” அப்பா ஒரு நாற்காலியை எட்டி உதைத்தார். “கழட்டு உன் மூடியை!”

“நானே எடுத்துனு போறேன். நீயும் உன் ஐக்கியமும்!”

கிரேஸ் அத்தை நிதானமாகப் போனை எடுத்து, முழுச் சண்டையையும் பிடித்து வாட்ஸாப்பில் போட்டார்.

முதல் ஆட்டோவில் டென்சில் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அத்திபெலேயிலிருந்து ஒரு வேனே வந்தது. வாளி நிறையக் கெட்டிப் பச்சடியோடு உமேஷும் வந்தார். ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பந்தியிலேயே ஒரு கல்யாணப் பேச்சு ஆரம்பமானது. அப்பா வலது வரிசைக்கும் மாமா இடது வரிசைக்கும் முறைத்துக்கொண்டே பரிமாறினார்கள். தமயந்திக்கு மட்டும் கண்ணீர் நிற்கவில்லை.

வேதநாயகி இரண்டாம் முறை தட்டை நீட்டியபடி அவளிடம் வந்தார். “இத்தனை வருஷமா இவ்ளோ பேரைச் சிதறாம சேத்து வெச்சது யாரு? அவங்களைப் பத்தி எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.”

அவர் நகர்ந்ததும் தமயந்தி கிரேஸ் அத்தையின் தோளில் சாய்ந்தாள். “யாரைப் பத்தி அத்தை எழுதறது? கண்ணெதிர்லயே எல்லாம் மறுபடி ஒடைஞ்சுபோச்சே!”

“மூடி தானா நடந்தா வருஷா வருஷம் உங்கப்பா அண்டாகிட்ட வந்துச்சு? உங்க மாமாதான் ஸ்கூட்டர்ல கொண்டாந்து தருவாரு,” என்றார் கிரேஸ் அத்தை, அவள் கண்ணைத் துடைத்துவிட்டு. “அந்தக் காலத்துல சங்கம் கூப்ட்டா இருபது பேர் கூட வரமாட்டாங்க கண்ணு. சண்டைன்னா ஊரே வரும், சங்கத்தை ஒடைச்சிடலாம்னு உங்கப்பா சொன்னாரு, உங்க மாமா வழிமொழிஞ்சாரு. நம்ம சங்கத்துல ஏகமனதா நிறைவேறுன ஒரே தீர்மானம் அதுதான்!”