ஐஸ் உடைக்கப் போன இரும்பு

கோபக்காரன் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கக் கூடாது. கடைக்காரனை வாய் திறக்க விடமாட்டான். அப்புறம் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வான். இது இப்போது எனக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் ஒரு பட்டு நூல் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாது.

என் தங்கை வசந்தாவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மாமனார் தறி வைத்துப் புடவை போட்டு, வேலூர்க் கடைகளுக்குக் கொடுப்பவர். நல்ல மனிதர். எங்கள் இரண்டு வீடும் சைவம். முட்டைகூட வாசல்படி தாண்டாது. மாமியாரும் கெட்டவர் இல்லை. ஆனால் மூத்த மருமகள் சீரில் ஒரு ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. தெருவுக்கே அது ஒன்றுதான். அதற்குப் பொட்டு வைத்து, பூப்போட்ட துணி போர்த்தி, சாமி மாதிரி நிறுத்தியிருந்தார்கள்.

ஒருநாள் நான் போயிருந்தபோது வசந்தா எனக்கு ஜில்லென்று தண்ணீர் எடுக்கப் போனாள்.

"ஏம்மா, தொறக்கறதுக்கு முன்னாடி பெரியவள ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கூடத்திலிருந்தே மாமியார் குரல் கொடுத்தார்.

வசந்தா திரும்பிப் போய்ப் பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு எரிந்தது. அடுத்து வருவது தலை ஆடி. சீர் கொண்டுபோய்க் காட்டித்தான் அவளை அழைத்துவர வேண்டும். அந்தச் சீரில் ஃப்ரிட்ஜின் திமிரை அடக்கும் சாமான் ஒன்று இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு ஃப்ரிட்ஜ் வாங்க எனக்கு வக்கில்லை. ஆனால் ஐஸை உடைத்துத் தூளாக்கும் மெஷின் வேலூரில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். கையால் சுற்றினால் போதுமாம், மேலே ரோஸ்மில்க் ஊற்றிச் சாப்பிடலாமாம். வாங்கிவிட்டால்? அந்த ஃப்ரிட்ஜ் என் தங்கையின் மெஷினுக்கு ஐஸ் சப்ளை செய்யும் வேலைக்காரன்! (இதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.)

வேலூர்க் கடைக்காரர் அழகான மெஷின் ஒன்றை எடுத்து வைத்தார். பளபளவென்று மூடி, கைப்பிடி எல்லாம் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். காற்று மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் எதையும் எடையில்தான் மதிப்போம். புடவை கனத்தால் பட்டும் சரிகையும் சரி. லேசாக இருந்தால் எவனோ கை வைத்துவிட்டான் என்று அர்த்தம். நான் தினமும் தராசு பிடிப்பவன் வேறு.

"இன்னாய்யா, தகரத்தக் காட்றே? தோ, கீழ கருப்பா ஒண்ணு இருக்குதே, அத்த எடு."

"அது வேறங்க. அது வந்து..."

"வந்துன்னா? வெலை சாஸ்தி, நான் வாங்க மாட்டேன்னு பாக்கறியா?"

"அய்யோ, அப்டி இல்லிங்க. ஐஸுக்கு இதுதான்..."

"பேஜார் பண்ணாத. ஜல்தியா கட்டு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கட்டிவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் இரண்டு தொடையும் மரத்துப்போய்விட்டன. மரத்த அளவுக்குச் சந்தோஷம்.

ஆடி பிறந்தது. சீர்த்தட்டுகளை வைத்ததும் மெஷினைக் கூடத்து மேசை ஓரத்தில் திருகி மாட்டினேன். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மூத்த மருமகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஐஸ் எடுத்து வந்தாள். வசந்தா ரோஸ்மில்க் சொம்போடு தயாராக நின்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

ஐஸைப் போட்டுச் சுற்றினேன். முன்பக்கச் சல்லடை வழியே இரண்டு சொட்டுத் தண்ணீர் வந்தது. அப்புறம் கைப்பிடி நின்றுவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். மெஷின் அசையவில்லை, மேசை அசைந்தது. காலை ஊன்றி இழுத்தேன். மேசையும் நானும் சம்பந்திகளை நோக்கிப் போனோம். ஒரு கிழவர் எழுந்து ஓடினார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது, உங்க ஐஸு சரியில்ல!" என்று கத்தினேன்.

வசந்தாவின் சொம்பு மெல்லக் கீழே இறங்கியது. மூத்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து வந்தார். "தள்ளு தம்பி. அப்டி இழுக்கக் கூடாது. மின்னாடி வளையத்தக் கயட்டு. உள்ளாற கத்தி இருக்குது பாரு, அதுல சிக்கிகினு இருக்குது. எலும்புத் துண்டு மாட்டினாலும் இப்டித்தான் நின்னுபூடும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எலும்பா?" என்றார் மாமியார்.

"இல்ல... இது ஐஸ் மெஷின் இல்லியே. கைமா மெஷினு. கறி கொத்தறது."

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"வேலூர்ல, பஸ்ஸுக்கு நிக்கசொல்ல, ஓட்டல் வாசல்ல பாத்தேன்."

"வாசல்ல நின்னவருக்கு உள்ளாற கத்தி இருக்கறது எப்டித் தெரியும்?"

முதலில் சிரித்தது வசந்தா. சொம்பு குலுங்கி ரோஸ்மில்க் புடவையெல்லாம் சிந்தியது. அதைப் பிடிக்க வந்த மூத்த மருமகளும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

மாமியார் சிரிக்கவில்லை. "இன்னிலேர்ந்து ஃப்ரிட்ஜ ரெண்டு பேரும் தொறங்கடி, எவளும் எவளையும் கேக்க வாணாம். இந்த மனுசன் மட்டும் கை வெக்கக் கூடாது. எதுனா கொண்டாந்து உள்ள வெப்பாரு!" என்றார். என்னிடம் திரும்பி, "நீ ஒக்காரு தம்பி. நீ வரலன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது" என்று ஜில்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எடுத்து வந்தது வசந்தா. யாரையும் கேட்காமல்.

புத்தம்புது மெஷின், கறி பார்க்காதது என்பதால் மாமியார் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து, ஊறிய கடலைப் பருப்பைப் போட்டுச் சுற்றினார். ஒன்றும் பாதியுமாக அரைந்து விழுந்தது. அந்த வடைக்கு ஈடு கிடையாது. இன்றும் அந்த வீட்டில் அதற்குக் கைமா வடை என்றுதான் பெயர். எந்த ஆண்பிள்ளை எதைப் பற்றி விளக்கம் சொன்னாலும், "உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று பெண்கள் கோரஸாகக் கேட்பார்கள். பேரப்பிள்ளைகள்வரை வந்துவிட்டது.

மாமனார் என்மேல் கோபப்படவில்லை. ஆடி முடிந்ததும், "வேலூருக்குப் போறேன், தொணைக்கு வரியா தம்பி?" என்று கேட்டார். போனேன். பஸ்ஸுக்கு நின்றோம். கைமா நன்றாக மிளகு போட்டு, வெங்காயம் தூக்கலாக இருந்தால்தான் ருசி.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இதை என் மனைவியும் படிப்பாள்.