சாதாரணப் பயனாளர் தேவை

இணையத்தை ஆள்வதில் சாமானியருக்கும் பங்கு உண்டு என்று இணைய ஒழுங்கு மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தச் சாமானியர் எங்கே கிடைப்பார் என்று தேடிக்கொண்டிருந்தபோது வசமாகச் சிக்கியவள் என் அக்கா.

அக்கா தையல்காரி. கடையில் இணைய இணைப்பு போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வாடிக்கைக்காரர்கள் அளவையும் மாதிரிப் படத்தையும் போனில்தான் அனுப்புவார்கள். அது வராததால் மெஷின் சும்மா கிடந்தது. புகார் கொடுக்கப் போனவளை வாசலிலேயே மடக்கி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, உறுப்பினராக்கிவிட்டார்கள். கூடப் போன எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதவி ஏற்குமுன் விதிமுறைகளுக்குச் சம்மதம் தெரிவிக்க வேண்டுமாம். நூற்று நாற்பது பக்கம். அளந்து பார்க்காமல் துணியில் கத்தரி வைக்கிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, தையல் சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு மூன்று நாள் படித்தாள்.

கூட்டத்தில் எழுந்து நின்றாள். "அறுபத்தோராம் விதியில, சந்துல இருக்கிற இணைப்பைக் காரணம் சொல்லாமலே துண்டிக்கலாம்னு போட்டிருக்கு. என் கடை சந்துலதான் இருக்கு. அதை எடுத்துடுங்க."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் துணைச் செயலாளரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அப்படியொரு விதி இருப்பதே அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

"ஏம்மா, முழுசாவா படிச்சீங்க?" என்றார் தலைவர்.

"சம்மதம் கேட்டா படிக்க வேண்டாமா?"

"சாதாரணப் பயனாளர் படிக்க மாட்டாரும்மா. படிச்சுட்டா நீங்க நிபுணர். நிபுணருங்க இங்க ஏற்கெனவே பதினோரு பேர் இருக்கோம்."

தகுதி மிகுதி காரணமாக அக்காவின் நியமனம் அங்கேயே ரத்தானது. தலைவரின் பார்வை கதவோரம் நின்ற என்மேல் விழுந்தது. அதே விதிமுறைகள் ஓடிய ஒரு திரையை நீட்டினார். அடியில் 'சம்மதம்' என்று ஒரு பச்சைப் பொத்தான். "டேய், படிச்சுட்டு அமுக்குடா" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் அமுக்கிவிட்டேன். மன்றமே கைதட்டியது. அசல் சாதாரணப் பயனாளர் கிடைத்துவிட்டார் என்று தலைவருக்குக் குரல் தழுதழுத்தது.

அக்கா ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் திருத்திய விதிகளை மன்றம் இணையப் பயனாளர் எல்லோருக்கும் அனுப்பிச் சம்மதம் கேட்டது. பதில்களை எண்ணுவது என் பொறுப்பு. மறுப்பு ஒன்றே ஒன்று, காகிதத்தில், சாக்பீஸ் கோட்டோடு வந்தது. மற்றதெல்லாம் சம்மதம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, உங்களுடையது நாலே நொடியில் வந்து சேர்ந்தது. அறுபத்தோராம் விதியில் 'சந்து' என்று இருந்ததை 'தெரு' என்று மாற்றியிருந்தார்கள்.