இடது பக்கம் திரும்பினால் ஹார்ன்

எனக்குத் 'தெரியாது' என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே இந்தக் கோளாறு உண்டு. யாராவது வழி கேட்டால்கூட, தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டி அனுப்பிவைப்பேன். (அவர்களில் சிலர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம்.)

இந்தக் குணத்தோடு எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் வேறு படித்துத் தொலைத்தேன். படித்து முடித்ததும் கல்யாணம். கல்யாணமானதும் அவிநாசியில் மாமனாரின் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்புவது, சாம்பிளைப் பார்சல் செய்வது, சாயம் ஒரு மாற்று குறைந்தால் சாயப்பட்டறைக்குப் போன் போட்டுக் கத்துவது. ஐந்து வருடத்தில் நான் கையால் தொட்ட மின்சாதனம் செல்போன் சார்ஜர் ஒன்றுதான்.

மாமாவிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. நீல நிறம், உருண்டையான ஹெட்லைட், மூக்கு நீண்ட முகம். தொழில் தொடங்கிய காலத்தில் அவர் நூல் மூட்டை ஏற்றிய வண்டி. எஞ்சின் இன்றும் சொன்ன பேச்சு கேட்கும். வயரிங்தான் தன் இஷ்டம். பிரேக்கை மிதித்தால் பின்னால் இரண்டு பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் கண்ணடிக்கும். ஹார்ன் வாய் திறந்து வெகுநாளாகியிருந்தது. மாமா ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவைத் தட்டியே ஊரைக் கடந்துகொண்டிருந்தார்.

டென்மார்க்கிலிருந்து லார்ஸ் என்று ஒரு பையர். பழைய வண்டிகளின் படம் போட்ட டி-ஷர்ட்டுகள் செய்ய கம்பெனி தேடிக்கொண்டிருந்தார். ஒரு வீடியோ காலில் என் முதுகுக்குப் பின்னால், ஜன்னல் வழியே, இந்த வண்டி அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதுவரை சிரிப்பு என்பதையே அறியாத முகம் மலர்ந்தது. அடுத்த மாதம் நேரில் வருவதாகவும், அந்த வண்டியில் ஒரு சுற்றுப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

ஏற்கெனவே ஒரு பெரிய பையர் கைவிட்டுப் போய், தையல் மிஷின்களில் பாதி துணி போர்த்திக் கிடந்த சமயம் அது. இந்த ஆர்டர் வந்தால்தான் அவற்றின் போர்வையை எடுக்க முடியும்.

"ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனக் கூப்புடலாங்கப்பா" என்றார் என் கணவர் கார்த்தி.

எனக்குச் சுருக்கென்றது. "ஊட்டுல ஒரு இன்ஜினியர் இருக்கறப்ப வெளியாள் எதுக்குங்க? நான் பாத்துக்கறேனுங்க மாமா."

மாமா என்னை ஒரு கணம் பார்த்தார். மருமகளிடம் மறுத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. "செரி அம்மிணி" என்று சாவியைக் கொடுத்தார். அந்த 'செரி'யில் எத்தனை பயம் இருந்தது என்று இப்போது நினைத்தால் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மல்டிமீட்டர், நான்கு யூடியூப் வீடியோ, எல்லையில்லாத தன்னம்பிக்கை ஆகியவற்றோடு வண்டிக்குள் புகுந்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால், இடியாப்பத்தைக் கவிழ்த்துப் போட்டதுபோல் வயர்கள். ஒரு காலத்தில் தனித்தனி நிறமாக இருந்தவை எல்லாம் இப்போது ஒரே நிறம்: அழுக்கு.

எந்த வயர் எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டுமல்லவா? கம்பெனியிலிருந்து சைஸ் லேபிள்களை ஒரு கை அள்ளி வந்தேன். ஹெட்லைட்டுக்கு எல், இண்டிகேட்டருக்கு எம், பிரேக்குக்கு எஸ், சத்தம் பெரியது என்பதால் ஹார்னுக்கு எக்ஸ்எல். ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டு எல்லா வயரையும் பிடுங்கினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது ஒரு வயரிலும் லேபிள் இல்லை.

அத்தை கையில் விளக்குமாறோடு நின்றிருந்தார். "வண்டிக்குள்ள ஒரே குப்பையாத் தொங்கிட்டிருந்துது கண்ணு. கம்பெனி லேபிளு, வீணாப் போயிருமேன்னு எடுத்து வெச்சேன்" என்றார். எஸ் தனி, எம் தனி, எல் தனி என்று பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அழகாக அடுக்கியிருந்தார். இவ்வளவு ஒழுங்காக ஒரு பேரழிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லி எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டிருக்கலாம். (முதல் பத்தியை மறுபடி படித்துக்கொள்ளவும்.) ஊகத்தை வைத்தே எல்லா வயரையும் சேர்த்தேன். முதல் முறை ஹெட்லைட் சுவிட்சைப் போட்டபோது வைப்பர் ஆடியது. மூன்றாம் முறை ஃபியூஸ் போனது. ஏழாவதோ எட்டாவதோ முறையில் எல்லாம் அதனதன் வேலையைச் செய்தன. ஹார்ன்கூட அலறியது. பிரேக்கை மிதித்தால் மட்டும் பழையபடி இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. அது வண்டிக்கு வயதானதால் என்று தீர்ப்பு எழுதினேன். ஹார்ன் வயர் கொஞ்சம் நீளமாகத் தொங்கியது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று ஸ்டியரிங் தண்டைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

அந்த ஒரு சுற்றுதான்.

லார்ஸ் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், இஸ்திரி போட்ட முகம். மனைவிக்குப் பித்தளைக் குத்துவிளக்கு வாங்க வேண்டும் என்றார். பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துக்கே போய்விடலாம் என்று மாமா வண்டியை எடுத்தார். லார்ஸ் அவர் பக்கத்தில். நான் பின்னால், அட்டைப்பெட்டி மேல், ராணி மாதிரி. வழியில் ஓரிரு இடத்தில் ஹார்ன் தானாகக் 'கீச்' என்றது. மாமா அடித்தார் என்று நான் நினைத்தேன். மருமகள் ஏதோ புது வசதி வைத்திருக்கிறாள் என்று மாமா நினைத்தார்.

அனுப்பர்பாளையத்தில் ஒரு சந்தில் இடது பக்கம் திரும்பினோம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் ஹார்ன் பிடித்துக்கொண்டது. எதிரே அண்டா ஏற்றிய டெம்போ. பின்னால் ஏதோ ஒரு கார். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. ஒடித்த ஸ்டியரிங் ஒடித்தபடி, ஹார்ன் மூச்சு விடாமல் 'பேஏஏஏ' என்றது. சந்து முழுக்கப் பித்தளையும் எவர்சில்வரும். அத்தனை பாத்திரமும் கூடவே அதிர்ந்தது.

நான் குதித்து ஓடி பேட்டரி வயரைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. லூசாக இருக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்பேனரில் தொங்கி முறுக்கியிருந்தேன்.

அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பட்டு வேட்டியில் ஒருவர், பின்னால் தாம்பாளத்தோடு இரண்டு பெண்கள், எல்லாரும் சிரித்த முகமாக ஓடி வந்தார்கள். அவர் வண்டிக் கதவைத் திறந்து, "வாங்க வாங்க! சத்தங் கேட்டதுமே ஓடி வந்துட்டோமுங்க!" என்று லார்ஸின் கையைப் பிடித்து இறக்கினார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

அது பெண் பார்க்கும் வீடு. காங்கேயத்திலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டாருக்காகக் காத்திருந்தவர்கள், ஆர்ப்பாட்டமாக ஹார்ன் அடித்து வந்து நின்ற எங்களை அவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையான மாப்பிள்ளையோ, எங்களுக்குப் பின்னால் நின்ற காரில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆள் மாறிவிட்டது தெரிந்தும் அந்த மனிதர் லார்ஸின் கையை விடவில்லை. "வந்ததே வந்துட்டீங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுத்தான் போவோணும்" என்று காதோரம் கத்தினார். லார்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இடது பக்கம் திரும்பினால் ஹார்ன் அடிப்பது இந்த வண்டியின் பாதுகாப்பு ஏற்பாடா?"

தெரியாது என்று சொல்ல வராதே. "ஆமாம்" என்றேன்.

நான் பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்குள்ளிருந்து மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு ஒரு பெண் வந்தாள். கையில் கட்டிங் பிளேயர். பார்க்கப்பட வேண்டிய பெண்ணே அவள்தான். பெயர் சுதா.

"கொஞ்சம் தள்ளிக்குங்கக்கா" என்று டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்தாள். ஒரே வெட்டு. சத்தம் நின்றது. அந்த அமைதியில் எங்கோ ஒரு தட்டு மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கக்கா, ஹார்ன் வயர ஸ்டியரிங்ல சுத்தியிருக்குது! திருப்பத் திருப்ப ஒராஞ்சு, தோல் உரிஞ்சு, பாடியத் தொட்டுட்டு நிக்குது. இது எந்த மடையன் பாத்த வேலைங்க?"

"அது... ஒரு எலக்ட்ரீசியன்" என்றேன்.

மாமா இருமினார்.

சுதா அப்பாவின் பட்டறையில் பாலிஷ் போடும் மோட்டார்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியராம். பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பார்த்தாள். "எர்த் பாத்தீங்களா?" என்றாள். நான் மற்றதையெல்லாம் பார்த்திருந்தேன். கல்லூரியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்ததை மட்டும் பார்க்கவில்லை. அவள் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தபோது, ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"கொஞ்சம் வெளிச்சங் காட்டட்டுங்களா?"

காங்கேயம் மாப்பிள்ளை. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவரும் பக்கத்தில் குந்தினார். எர்த் வயரைப் பிடித்திருந்த துருப்பிடித்த ஒரு போல்ட்டை அவள் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முடுக்கினாள். அவ்வளவுதான் அந்த வண்டியின் இத்தனை வருட வியாதி. அதற்குக் கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அவர்கள் இருவரும் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வர முக்கால் மணி நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை. லார்ஸ் அதற்குள் ஆறு பஜ்ஜி சாப்பிட்டிருந்தார்.

ஆர்டர் வந்தது. மிஷின்களின் போர்வையை எடுத்தோம். அங்கே கல்யாணமும் நிச்சயமானது. எங்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்ட எல்லாரிடமும் மாமா, "நாங்க ஹார்ன் ஊடுங்க" என்று சொல்லி, அந்த எலக்ட்ரீசியன் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன், மண்டபத்தில் படாரென்று கரண்ட் போனது. நாதஸ்வரக்காரரின் மைக் அமைதியானது. மேடையிலிருந்த சுதா தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். அவள் பார்த்ததும் அவள் அப்பா பார்த்தார். அவர் பார்த்ததும் ஒட்டுமொத்த மண்டபமும் திரும்பி என்னைப் பார்த்தது.

மாமா எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"ஆரும் பயப்படாதீங்க. எங்க அம்மிணி இங்கதானுங்க உக்காந்திருக்குது. எதையும் தொடலீங்க!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போனால் முதலில் யாரும் டார்ச்சைத் தேடுவதில்லை. "அவ எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள்.