நெய்க் காக்காவுக்காகத் தின்றோம்

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து ஏறும்போதே, உச்சிப்புளியில் எந்த வீட்டில் நெய் காய்கிறது, அது பசு நெய்யா எருமை நெய்யா, வனஸ்பதி கலந்ததா என்று சொல்லக்கூடிய மூக்கு இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நெய்க் காக்காவின் மூக்கு.

அந்தக் கரையில் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் விவசாயி வீட்டுப் பிள்ளை, பாம்பன் ஸ்டேஷனுக்குப் பார்சல் கிளார்க்காக வந்து சேர்ந்தவன். எனக்கும் அவர் காக்காதான். கடலோரத்தில் கருவாட்டுக் கிட்டங்கி வைத்திருந்தார். கூப்பிட்டால் முதலில் வயிறு திரும்பும், கொஞ்சம் கழித்து அவர் திரும்புவார். பொழுதெல்லாம் கருவாட்டுக்கு நடுவில் இருப்பவருக்கு இந்த மூக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"கருவாடு தொழிலு, நெய்யி ஆசை. மூக்குல ஓட்டை ரெண்டு இருக்குல்ல தம்பி" என்றார்.

அக்கம்பக்கத்தில் எந்தக் கல்யாணமானாலும், காக்கா வந்து நெய்ச்சோற்று அண்டாவை மோந்து தலையாட்டாமல் பந்தி தொடங்காது. சமைக்கும் பண்டாரி மாப்பிள்ளையின் அப்பாவைக்கூட மதிக்காமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்பேர்ப்பட்டவரின் கால் விரலை ஒருநாள் சிப்பி கிழித்தது. புண் ஆறவே இல்லை. டாக்டரிடம் கூட்டிப் போனேன். சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார், செங்கல் நிறம் வந்தது. சீனி வியாதி.

காக்கா அன்றே சீனியைத் தலைமுழுகினார். தொதல் அல்வாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தியாகத்துக்கு ஈடாக நெய்யை இரண்டு மடங்காக்கினார். ஒருநாள் டீயிலேயே நெய் விட்டுக் குடித்துப் பார்த்தார். புண் பெரிதானது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சீனியத்தான் வுட்டுட்டேன்ல டாக்டரய்யா. நெய்யி பாவம், அது என்ன பண்ணுச்சு?"

"நெய்யும் கறிக்கொழுப்பும் மிஞ்சிப் போனா இந்த வயித்துலதான் வந்து குடியிருக்கும். ரத்தத்துல இருக்குற சீனிய உடம்புக்குள்ள அனுப்ப ஒரு சுரப்பு இருக்கு. இந்தக் கொழுப்பு அதை வேலை செய்ய விடாம மறிச்சிக்கிட்டு நிக்கும். நான் ஊசியில போட்டாலும் அதே கதிதான். நெய்யக் குறைங்க, சோத்தக் குறைங்க, நடங்க. இல்லேன்னா விரல் போகும், அப்புறம் காலே போகும்."

வெளியே வந்ததும் காக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "வருசம் திரும்புனா மக நிக்காஹ் தம்பி. மாப்பிள்ளைய ரெண்டு கால்ல நின்னு கட்டிப் புடிக்கணும்ல."

அவர் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். ராத்தா வீட்டு நெய் ஜாடியைப் பூட்டிவிட்டார். ஊர்க் கல்யாணப் பந்தியை யார் பூட்டுவது? அழைத்த வீட்டில் கை நனைக்காமல் வருவது மரியாதை இல்லை. அங்கே சாப்பாடு சஹனில்தான், ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர். காக்காவின் சஹனில் எப்போதும் நான், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், மீன் ஏலம் விடும் ஏலக்காரர்.

ராத்தா எங்கள் மூவரையும் வரவழைத்துத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "சஹன்ல யாரு எம்புட்டுத் திங்கிறாஹன்னு யாருக்கும் தெரியாது. வெரசாத் தின்னு அவுஹ பங்கையும் காலி பண்ணிருங்க தம்பி. அவுஹ காதுக்கு இது போகக் கூடாது."

கரும்பு தின்னக் கூலியா? அடுத்த கல்யாணத்தில் பிஸ்மி சொல்லி முடித்ததும் பாய்ந்தோம். கொழுப்போடு இருந்த கறியெல்லாம் டிரில் மாஸ்டர் பொறுப்பு. நெய் ஊறிய அடிச்சோறு ஏலக்காரருக்கு. மிச்சத்தை நான் பருப்புத் தால்ச்சாவை ஊற்றி வாரினேன். காக்கா ரெண்டு வாய் வைப்பதற்குள் தட்டு பளபளத்தது. அவர் சஹனைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"என்னலே இது, ஓட்டை கீட்டை இருக்கா?"

மனுஷனுக்குக் கோபமே வரவில்லை. "புள்ளைக நல்லாத் திங்கிதுக" என்று தன் முன்னால் இருந்த கடைசித் துண்டையும் எங்கள் பக்கம் தள்ளினார்.

கல்யாணத்துக்குக் கல்யாணம் இதே கூத்து. காக்காவின் வயிறு வடிந்தது. சாயங்காலம் அக்காள்மடம் வரை நடந்துவிட்டு வந்தார். விரலில் புதுத்தோல் படர்ந்தது. எங்கள் கதைதான் கந்தல். எனக்கு ரயில்வே கால்சட்டையில் பொத்தான் நிற்கவில்லை. டிரில் மாஸ்டர் ஓடிக்காட்டினால் பிள்ளைகள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏலக்காரர் விலை கூறும்போது மூச்சு வாங்கியதில், நல்ல சீலா மீன் பாதி விலைக்குப் போனது.

நிக்காஹுக்கு முந்தின வாரம், கடைசிச் சோதனைக்கு நாலு பேருமாகப் போனோம். டாக்டர் எங்கள் மூன்று வயிறுகளையும் பார்த்தார், ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயை நீட்டினார். காய்ச்சியதில் காக்காவுடையது நீலமாகவே நின்றது, சீனி இல்லை. என்னுடையது பச்சை, டிரில் மாஸ்டருடையது மஞ்சள், ஏலக்காரருடையது சுத்தமான செங்கல்.

"இவரு வயித்துல இருந்ததெல்லாம் இங்க வந்திருச்சே" என்றார் டாக்டர்.

டிரில் மாஸ்டர் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார், குலுங்குவதற்குத்தான் வயிறு இல்லை. சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"எனக்காகவாலே தின்னிய?"

நிக்காஹ் அன்று ரெண்டு கால்களையும் ஊன்றி நின்று மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தார். பிறகு அண்டாவை மோந்து தலையாட்டினார். பந்தல் முழுக்க நெய் மணம் தூக்கியது. எங்கள் சஹன் மட்டும் தனியாக வந்தது: அவித்த மீன், முருங்கைக் கீரை, கைப்பிடி சோறு.

பண்டாரி பதறிப் போனார். "பொண்ணோட வாப்பாவே நெய்ச்சோறு திங்கலன்னா, ஊரு என்னத்தானே ஏசும்."

"மோந்துட்டேன்ல, போதும். மொதல்ல இந்த மூணு பேரையும் கரையேத்தணும்" என்று காக்கா சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் முதல் அக்காள்மடம் நடைக்கு எங்களையும் விரட்டிக்கொண்டு போனார். பின்தங்கினால் முதுகில் ஒரு தட்டு விழும். கால் ரெண்டும் கடைசி வரை அவரோடு இருந்தன. அவர் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் எங்கேயாவது நெய் மணம் வந்தால், நாக்கு ஊறுவதற்கு முன்னால் வயிற்றை எக்கிக்கொள்கிறேன், காக்கா எங்கிருந்தாவது பார்த்துவிடுவார் என்று.