ரிஜெக்ட் பாஸ் செய்த ஒரே பீஸ்

ஒரகடத்தில் தயாராகிற பொருளைவிட அங்கே தள்ளுபடியான பொருள்தான் அதிகம் என்று யாராவது சொன்னால், அதற்கு முழுக் காரணம் எங்கள் அறைத்தோழன் 'ரிஜெக்ட்'தான் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஷிப்ட் முடிந்தாலும் கண் ஓயாது. மெஸ்ஸில் இட்லியை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஓரம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவான். சட்டைப்பையில் எப்போதும் தள்ளுபடிப் பொருளில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர். வீட்டு ஓனரின் பைக்கிலேயே ஒன்றை ஒட்டிவிட்டான். நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒன்பது பேருக்கு ஒரே குளியலறை. ஆளுக்கொரு ஷிப்ட், ஆளுக்கொரு பஸ். எனக்கோ பயிற்சிக் காலம். இன்னொரு தடவை கம்பெனி பஸ்ஸை விட்டால் வேலை நிரந்தரம் ஆகாது என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். யார் எப்போது குளிப்பது என்று கதவில் ஒட்டிய தாள் ஈரத்தில் ஊறிக் கிழிந்தது. ரிஜெக்ட் அதையும் தள்ளுபடி செய்துவிட்டு, தானே ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தான்.

ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதி, போனின் பிரவுசரிலேயே ஓடுகிற வெப் அசெம்பிளி என்ற சின்ன ஃபைலாக மாற்றினானாம். நம் பெயரைத் தொட்டால் குளிக்கும் நேரம் வரும். சர்வரில் எதுவும் ஓடத் தேவையில்லை என்று பீற்றிக்கொண்டு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. கேட்டால், நேராகத் திறந்தால் ஓடாது, ஒரு சர்வரிலிருந்து வந்தால்தான் ஓடும் என்கிறான். சர்வர் வேண்டாம் என்றவனும் இவன்தான்! எங்களுக்குத் தலை சுற்றியது.

கடைசியில் இலவசமாக இடம் தரும் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றினான். உடனே ஓனர் வந்துவிட்டார்.

"அந்த சர்வர் மிஷினு எங்கப்பா கீது? கரண்ட் பில்ல என் தலைல கட்டாத."

"எங்கயோ இருக்கு அண்ணாச்சி. அது ஃபைல எடுத்துக் குடுக்கும், அம்புட்டுத்தான். கணக்குப் போடுறது ஒங்க போனு."

"என் போனா? நீங்க குளிக்கறதுக்கு என் போனு இன்னாத்துக்கு கணக்கு போடணும்?" என்று போனை அணைத்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் வேலை செய்தது! குளியலறை வாசலில் சண்டையே இல்லை. நானும் என் போன் சொல்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன்.

பிறகு எனக்கு இன்னும் சீக்கிரம் கிளம்பும் பஸ்ஸுக்கு மாற்றல் வந்தது. ரிஜெக்ட் என் முறையை முன்னே தள்ளி, என் பழைய நேரத்தைத் தான் எடுத்துக்கொண்டு, புதிதாக ஏற்றினான். தொழிற்சாலையில் முதல் பீஸைச் சோதித்து, அது சரியென்றால் மிஷினை ஓடவிடுவார்கள். அந்த வழக்கப்படி தன் போனில் மட்டும் பார்த்தான். சரியாக இருந்தது. "பாஸ்" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டது அன்றுதான்.

மறுநாள் காலை என் போன் சொன்ன நேரத்துக்குத் துண்டோடு போனால் கதவு உள்ளே தாழ். தட்டினேன். தலை நிறையச் சோப்பு நுரையோடு ரிஜெக்ட் எட்டிப் பார்த்தான். என் போனில் என் முறை. அவன் போனில் அவன் முறை. எரிகிற கண்ணால் என் திரையைப் பார்த்தான். என் போன் பழைய பக்கத்தையே சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டியிருக்கிறது.

"எம் பீஸு, எந் தப்பு. நீங்க உள்ள போங்கண்ணே" என்று நுரையோடு வெளியே வந்து நின்றான்.

இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி, நகர்ந்த பஸ்ஸில் தொற்றினேன். அவன் பஸ்ஸை அவன் விட்டான். அன்று சாயங்காலமே குளியல் முறையிலிருந்து 'ரிஜெக்ட்' என்ற தன் பெயரை எடுத்துவிட்டு, பின்பக்க மோட்டார் குழாயில் குளிக்க ஆரம்பித்தான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பாழாய்ப் போனவன், அவன்மேல் எனக்கு அப்படியொரு பாசம் வந்துவிட்டது.

எனக்கு வேலை நிரந்தரமானது. அவன் ஓசூர் போனான். போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் என் வீட்டில் உட்கார்ந்து சும்மா அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இன்னமும் ஓடுகிறது! எல்லோர் பெயரும் இருக்கிறது, அவனைத் தவிர. உடனே போன் போட்டேன்.

"உன் பேரு இல்லாத பீஸு எனக்கு வேணாம்டா. தள்ளுபடி."

"சரிண்ணே, மாத்திருதேன்" என்றான்.

மறுநாள் திறந்தால் அதே பழைய பக்கம். போனைத் திட்டிக்கொண்டே மறுபடி புதுப்பித்தேன். என் பெயருக்குக் கீழே 'சண்முகராஜ்' என்று இருந்தது. யாரடா இவன் புதிதாக என்று விழித்தேன். பிறகுதான் உறைத்தது.

சண்முகராஜ். நல்ல பெயர். பாஸ்.