மூன்று தடவை கேட்பார் நாடி அண்ணன்

ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதைத் தக்க ஆதாரம் இல்லாமல் நம்பாத மனிதர் திண்டுக்கல்லில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் நாடி அண்ணன். எதிரே நின்று வணக்கம் வைத்தால்கூட அவருக்குப் போதாது.

நான் அப்போது ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் புகார் போன் எடுக்கிற வேலையில் இருந்தேன். லைன்களைப் பார்த்துக்கொள்வது அண்ணன். வீட்டில் அவருக்கு ஒரு புனிதரின் பெயர்தான் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளியே அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை.

எங்கள் ஆபீசுக்கு இரண்டு வழியாக இன்டர்நெட் வந்தது. ஒன்று மதுரையிலிருந்து கேபிளில். இன்னொன்று செம்பட்டி டவர் வழியாக. நடுவில் ஒரு பெட்டி, வாடிக்கையாளர்களை இரண்டு லைனுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துவிடும். ஒரு லைன் செத்தால் எல்லோரையும் அடுத்ததில் ஏற்றிவிடும். செத்ததா என்று தெரிந்துகொள்ள, பத்து விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு லைனிலும் "இருக்கியா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை அமைப்பது அண்ணன். தொடர்ந்து மூன்று தடவை பதில் வராவிட்டால் லைன் செத்தது. பிழைத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள, தொடர்ந்து ஐந்து தடவை பதில் வர வேண்டும்.

இதை அவர் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. டீக்கடை மாஸ்டர் மூன்று நாள் தொடர்ந்து சர்க்கரை போட மறந்தார். நான்காம் நாள் அண்ணன் அந்தக் கடை செத்துவிட்டதாக அறிவித்து எதிர்க் கடைக்கு மாறினார். மாஸ்டரே ஆபீசுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்ப்பா. தொடர்ச்சியா அஞ்சு டீ ஒழுங்காப் போடு, பெறகு பாப்போம்."

தினம் ஒரு டீ சோதனைக்கு வந்தது. நான்காவது டீ ஆறியிருந்ததால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

கேள்வியை யாரிடம் கேட்பது என்பதில்தான் அண்ணனுக்கு வினை வந்தது. எங்கள் மொட்டை மாடியில் இருக்கும் கருவியிடம் கேட்டால், அதற்கு அப்பால் லைன் அறுந்து கிடந்தாலும் அது நன்றாக இருப்பதாகத்தான் சொல்லும். "வாசல்ல நிக்கிறவன்கிட்டக் கேட்டா, அடுப்படி எரியிறது அவனுக்குத் தெரியுமாலே? தாண்டிப் போயிக் கேக்கணும்" என்பார். அதனால் செம்பட்டி லைனுக்கு, டவரைத் தாண்டி இருந்த ஒரு தேங்காய் மண்டியின் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தார். இரவும் பகலும் அணைக்காத கம்ப்யூட்டர் என்று மண்டிக்காரர் சத்தியம் செய்திருந்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சரியாகப் பத்தரைக்குச் செம்பட்டி லைன் செத்தது. பன்னிரண்டுக்குப் பிழைத்தது. இடைப்பட்ட நேரத்தில் எல்லோரும் மதுரை லைனில் ஏறிக்கொள்ள, அது நகர மறுத்தது. என் போன் ஓயவில்லை.

"தம்பி, ஒங்க நெட்டு ராகு காலம் பாக்குதா?" என்று ஓர் அம்மா கேட்டார். கிண்டல் இல்லை, விவரத்துக்காகத்தான் கேட்டார். "பாக்குதுன்னா சொல்லிருங்க. எமகண்டத்தையும் பாத்து வேலைய மாத்தி வச்சுக்கிறேன்."

முதலாளி பெட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமையும் லைன் படுத்ததும் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கெழமையும் இந்தப் போன் இம்புட்டு அடிச்சா, சனிக்கெழம நீங்க வர வேணாம்."

அண்ணனின் மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். அவர் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு செம்பட்டிக்குப் போனார். டவரில் ஒரு குறையும் இல்லை. மண்டிக்குள் எட்டிப் பார்த்தால், மண்டிக்காரர் இருட்டில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ராகு காலத்துல தொழில் சாமான் ஓடக்கூடாதுல்ல, மெயினையே அணைச்சிருவேன். வெள்ளிக்கெழம மட்டுந்தான். மத்தபடி அணைக்கிறதே கெடையாது."

அன்றே அண்ணன் மண்டியோடு வேறு வேறு ஊர்களில் இன்னும் இரண்டு கம்ப்யூட்டர்களைச் சேர்த்தார். மூன்றும் பேசாமல் இருந்தால்தான் இனி மரணம். "சரி பண்ணிட்டேன்லே" என்றார். முந்தைய இரண்டு வாரமும் இதையேதான் சொல்லியிருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு முதலாளி என் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில், மேஜைக்கு அடியில் போன் வயரை நான் காலாலேயே பிடுங்கிவிட்டேன். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. போன் அடிக்கவே இல்லை.

"பரவால்லையே, சத்தமே இல்ல" என்றார் முதலாளி.

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன் அடிக்கலைன்னா லைன் நல்லாருக்குன்னு அர்த்தமில்ல மொதலாளி. மொதல்ல போன் நல்லாருக்கான்னு யாரு பாத்தா?"

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். மேஜைக்கு அடியில் குனிந்தார். வயரோடு எழுந்தார். காப்பாற்றப் போனவனை இப்படிக் காட்டிக்கொடுத்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வயரை மாட்டிவிட்டு மூன்று பேரும் காத்திருந்தோம். ஐந்து நிமிடம் கழித்து அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். அதே அம்மா.

"தம்பி, இன்னைக்கி ராகு காலத்துலயும் நெட்டு நல்லா வருது. அதச் சொல்லத்தான் அரை மணி நேரமாக் கூப்புடுறேன். ஏன் எடுக்கல? ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அண்ணனின் வேலை தப்பியது. முதலாளியின் கோபம் என் பக்கம் திரும்பியது. "போன் வயரப் புடுங்குறவன் எனக்கெதுக்கு?"

"எனக்காகத்தான் பண்ணியிருக்கான் மொதலாளி" என்றார் அண்ணன். "ஒரு தடவ தப்பினா சாவு கெடையாது. இவனுக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

என் வேலையும் தப்பியது.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அண்ணனின் போன் வரும். "நல்லாருக்கியாலே?" என்பார். நன்றாக இருக்கிறேன் என்பேன். வைத்துவிட்டு, என் மனைவிக்குப் போட்டு, நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பார். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் ஆகியும் போன் வரவில்லை. மனைவியைக் கூப்பிடச் சொல்லி, முதலில் என் போன் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அண்ணனுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. அவருடைய விதிப்படி எல்லாம் முடிந்துவிட்டது.

நான்காவது தடவை போட்டேன். எடுத்தார்.

"லீவு போட்டுட்டு மாடில டேங்க் கழுவிக்கிட்டு இருந்தேன்ப்பா. அது சரி, நாலாவது தடவ எதுக்குப் போட்ட? மூணுதானலே கணக்கு?"

"ஒங்களுக்குக் கணக்குக் கெடையாதுண்ணே" என்றேன்.