டைட்டஸ் அனுப்பிய எல்போ

இனயம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மச்சினன் டைட்டஸுக்கு,

உன் அக்காள் செசிலியைக் கட்டின பாவத்துக்கு உன் போட்டை ஓட்டிக்கொண்டிருக்கும் அத்தான் மரியான் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், எஞ்சின் தவிர. அங்கே கத்தரில் நீயும் உன் ஏசியும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் "ரேஞ்சு இல்லத்தான்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் பக்கத்து வீட்டு பிரிஜாவின் மாப்பிள்ளை அங்கே வர ஃப்ளைட் ஏறும்போது அவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

எஞ்சினில் சுற்றி வந்த கடல்தண்ணீரும் புகையும் சேர்ந்து வெளியே போகிற அந்த வளைந்த குழாய், எல்போ, அரித்துப்போச்சு என்று சொன்னேன். நீ புது எல்போவும் ஒட்டுகிற பேஸ்டும் அனுப்பினாய். கூடவே, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகுமுன் இதை ஒழுங்காய் மாட்டாவிட்டால் சுக்கானை நம் போட்டில் வேலைக்கு நிற்கும் பெனிஷ் கையில் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னாய். இருபது வருஷம் நான் பிடித்த சுக்கான். நேற்று மீசை முளைத்த பெனிஷுக்கா என்று வைராக்கியமாக இறங்கினேன்.

பழையதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அளவு பார்க்க. மறுநாள் காலையில் செசிலி புதுசைச் சாக்கில் போட்டு எடுத்துத் தந்தாள். குளச்சல் துறைமுகத்தில் பெனிஷ் எல்போவைத் தாங்கிப் பிடித்தான். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, புதுசு வைத்து, இரண்டு பக்கமும் பேஸ்டு மெல்லிசாகத் தடவினேன். போல்ட் நாலையும் எதிரெதிராக முறுக்கச் சொன்னாயல்லவா, அது மறக்காமலிருக்கச் சிலுவை போடுகிற கணக்கில் முறுக்கினேன்: நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். பிறகு ஆமென் சொல்லி இன்னொரு சுற்று. ராத்திரி முழுக்கக் காயவும் விட்டேன்.

காலையில் பங்குச்சாமியார் போட் மந்திரிக்க வந்தார். வெள்ளை அங்கி, புதுசு. எஞ்சின் குழிக்குப் பக்கத்தில் நின்று ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். நான் ஸ்டார்ட் பண்ணினேன். எல்போவின் வளைவிலிருந்து கரியும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து ஒரே பீச்சு. சாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையச் சொன்னார்: "மரியான், நான் தீர்த்தம் தெளிக்க வந்தேன். ஒம்ம எஞ்சின் எனக்குத் தெளிச்சிட்டு."

போல்ட் பக்கம் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஓட்டை உன் எல்போவில். பெரிய எஞ்சின் கம்பெனியில் வேலை பார்க்கிற ஆள் நீ. கடைக்காரன் பழைய சரக்கைப் பாலிஷ் போட்டு உன் தலையில் கட்டியிருக்கிறான், நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கியிருக்கிறாய். மீதிப் பேஸ்டு அத்தனையையும் ஓட்டைமேல் அப்பி, துணி சுற்றி, கம்பி கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை போட் போகும். இனிமேல் சுக்கானைப் பற்றிப் பேசுமுன் எல்போ வாங்கப் படித்துக்கொள்.

மாதா உன்னையும் உன் கண்பார்வையையும் காப்பாராக. செசிலி அன்பு சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அத்தான் மரியான்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போனேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு எல்போ கெடக்குது, உடம்பெல்லாம் கறுப்பு கிரீஸ். "ஏட்டி, இது என்ன?" என்றேன். "அழுக்குப் பழசு. ஆக்கர்காரன் வந்தா எடைக்குப் போடலாம்னு வச்சேன். நல்லதப் புளி போட்டுத் தேச்சுல்ல ஒமக்குத் தந்தேன்" என்கிறாள் உன் அக்காள். புது எல்போ துருப்பிடிக்காமலிருக்கக் கம்பெனியில் பூசின கிரீஸ் அது. மேலே கடைக்காரனைப் பற்றி எழுதியதை நீ படிக்கவில்லை. துணியும் கம்பியும் பிரிக்க இப்போதே குளச்சலுக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் புதுசை மாட்டிவிடுவேன். சுக்கானை யாரிடம் கொடுப்பது என்று நீயே யோசி. ஆனால் பெனிஷிடம் வேண்டாம். பழைய எல்போவைக் கையில் தூக்கிப் பார்த்து, "புது மாடலு மாமா, கனம் கொறவு" என்று சொன்னது அவன்தான்.